லாயத்து வாசலில் பூசியது

காலை ஆறரைக்கு லாயத்தின் கதவு திறந்தால் முதலில் வெளியே வருவது என் அப்பாவின் ஜோடிதான். டெப்பர் என்ற பெட்டைக் குதிரையும் அதன் இணை பிராக்கும். அதற்குப் பிறகு இரண்டாம் குதிரைக்காரர் ஆம்ப்ரோஸ் பெட்டிட்டின் ஜோடி, பிறகு மூன்றாமவர், கடைசியில் நான்காமவர். வயலிலிருந்து திரும்பும்போதும் அதே வரிசை. தண்ணீர்த் தொட்டியில் வாய் வைப்பதிலும் அதே வரிசை. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தின் சஃபோக்கில் எனக்குத் தெரிந்த எந்தப் பண்ணையிலும் யாரும் இதை மீறியதில்லை. ஆம்ப்ரோஸ் சீக்கிரம் தயாராகிவிட்ட நாட்களில்கூட, தன் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு, அப்பாவின் ஜோடி வாசலைத் தாண்டும்வரை உள்ளேயே நிற்பார்.

அப்பா ஜேபெஸ் தர்லோ இருபது வருடமாகத் தலைமைக் குதிரைக்காரர். குதிரை தின்றது செரிக்க இரண்டு மணி நேரம் வேண்டும் என்று நான்கு மணிக்கே எழுந்து போய்த் தீவனம் வைப்பார். எட்டுக் குதிரைகளும் செம்பு நிறம். ஒவ்வொன்றும் ஒரு டன் எடை. ஞாயிற்றுக்கிழமை நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு சுற்று வட்டாரத்துக் குதிரைக்காரர்கள் எங்கள் லாயத்தைப் பார்க்க வருவார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் கதவோரம் நிற்பார். அந்த நிற்பிலேயே எல்லாம் இருக்கும்.

நான் பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. மூன்று வருடமாகப் பண்ணையின் பாலறையில் வேலை. பாலறைக் கதவும் லாயத்தின் கதவும் முற்றத்தின் இரண்டு பக்கத்தில் எதிரெதிரே இருக்கின்றன. நான் பேசாத பெண் என்பதால் என் முன்னால் எல்லோரும் எல்லாவற்றையும் பேசுவார்கள்.

அறுவடை முடிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் சின்ன முதலாளி லயனல் லாயத்துக்கு வந்தார். பெரிய முதலாளி நோயில் படுத்ததிலிருந்து பண்ணை இவர் கையில். விவசாயக் கல்லூரியில் படித்தவர். பேசும்போது கடிகாரத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வார்.

"ஜேபெஸ், நாளையிலேர்ந்து ஆம்ப்ரோஸ் முதல்ல போகட்டும். அவன் வயல்தான் தூரம். உன் ஜோடி ஆடி அசைஞ்சு வெளிய வர்ற வரைக்கும் அவன் உள்ள நின்னுக்கிட்டு இருக்கான். தினம் பதினஞ்சு நிமிஷம் வீணாப்போகுது."

லாயத்தில் இருந்தவர்கள் கையில் இருந்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஆம்ப்ரோஸின் காது சிவந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க ஐயா."

"உன்னை யாரும் கேக்கல, ஆம்ப்ரோஸ்."

அப்பா சீப்பில் சிக்கியிருந்த வால்முடியை எடுத்துக் கீழே போட்டார். "சரிங்க சின்ன முதலாளி. ஆம்ப்ரோஸே முன்னாடி போகட்டும். குதிரைங்க சம்மதிச்சா."

"குதிரை என்னய்யா, ஓட்டா போடப் போகுது?" என்று லயனல் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் குதிரைக்காரர்களிடம் மருந்து உண்டு. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். ஒன்று இழுக்கும் மருந்து. அந்த வாசனை வந்த பக்கம் குதிரை நாய்க்குட்டி மாதிரி வரும். இன்னொன்று நிறுத்தும் மருந்து. முயலின் ஈரலைக் காயவைத்துப் பொடி செய்கிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மற்றச் சேர்மானத்தை அப்பா அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. மனிதர் மூக்குக்கு அதில் ஒன்றும் தெரியாது. குதிரைக்கு அது தாங்காது. வாசலின் நிலைக்காலில் விரல்நுனி அளவு தடவினால் போதும், எந்தக் குதிரையும் அந்த வாசலைத் தாண்டாது. பார்க்கிறவர்கள் சூனியம் என்பார்கள். அந்தப் பெயரும் குதிரைக்காரருக்குத் தேவைதான்.

பூசியதை எடுப்பது எப்படி என்பது பூசத் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. நான் பாலறைக்கு வந்த பிறகு இரண்டு முறை குதிரைகள் அப்படி நின்றன. இரண்டு முறையும் கொஞ்ச நேரம் கழித்து அப்பா வந்து என்னிடம் ஒரு குவளைப் பால் வாங்கிக்கொண்டு போனார். அவர் பால் குடிக்க மாட்டார். அதன் பிறகு குதிரைகள் நடந்தன. இதைக் கூட்டிப் பார்க்கப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

மறுநாள் கதிரடிக்கும் நாள். வாடகைக்கு வந்த நீராவி எஞ்சின் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் புகைவிட்டுக்கொண்டு நின்றது. எஞ்சினுக்குக் குளத்திலிருந்து தண்ணீர் வண்டி இழுத்து வர வேண்டும், மூட்டைகளைக் களஞ்சியத்துக்கு இழுக்க வேண்டும். ஆறரைக்கு ஆம்ப்ரோஸ் தன் ஜோடியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

முதல் குதிரை நிலைப்படிக்கு ஓரடி முன்னால் நின்றது. மூக்குத் துவாரம் விரிந்தது. தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் அடுத்த குதிரையின் மேல் இடித்தது. ஆம்ப்ரோஸ் கொஞ்சினார், அதட்டினார், கோட்டைக் கழற்றி அதன் கண்ணைக் கட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் குனிந்து நிலைக்காலை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரில் சாய்ந்து குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின்காரர் முற்றத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று வேடிக்கை பார்த்தார். "என் குதிரைக்குக் கரி போட்டா ஓடும். உங்க குதிரைக்கு என்னப்பா போடணும்?"

"மரியாதை போடணும்," என்றார் அப்பா.

லயனல் வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, உன் ஜோடியையே கொண்டுவா ஜேபெஸ். இன்னிக்கு மட்டும்."

அப்பா டெப்பரை வாசலுக்குக் கூட்டி வந்தார். டெப்பரும் நின்றது. "பாத்தீங்களா, என் பேச்சையும் கேக்க மாட்டேங்குது. பாவம், மனசு நொந்திருக்கும். மத்தியானத்துக்கு மேல சரியாயிரும்," என்று அவர் சொன்னபோது மூன்றாம் குதிரைக்காரர் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் பாலறைக்குள் நின்று சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது.

குதிரை இல்லாமலேயே கதிரடிப்பு தொடங்கியது. ஆட்கள் தோளில் காவடிக் கட்டை போட்டு இரண்டிரண்டு வாளியாகக் குளத்திலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். பதினோரு மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா பாலறைக் கதவோரம் வந்து, ரொட்டியின் மேல் பன்றிக்கொழுப்பை வைத்துப் பேனாக்கத்தியால் நறுக்கித் தின்றுகொண்டே, "கெசி, பன்னெண்டு மணிக்கு ஒரு குவளை பால் எடுத்து வைம்மா," என்றார். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரி இருந்தது. அப்புறம் எல்லோரும் உட்கார்ந்திருந்த பக்கம் போனார்.

முதலில் யாரும் தீ என்று சொல்லவில்லை. எஞ்சின்காரர் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அது என்ன?" என்றார். வைக்கோல் போரின் உச்சியில் யாரோ உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பது போல ஒரு புகை. காற்று எங்கள் பக்கம் அடித்தது. நான் கையிலிருந்த கரண்டியைத் துடைத்து ஆணியில் மாட்டித் திரும்பினேன். போர் முழுவதும் பிடித்துவிட்டது.

எஞ்சின் பக்கத்தில் இருந்தது ஆறு வாளித் தண்ணீர். தண்ணீர் வண்டி கொட்டகையில் காலியாக நின்றது. அதை இழுக்க வேண்டியவை லாயத்துக்குள் நின்றன. எரியும் வைக்கோல் கொத்துக் கொத்தாகப் பறந்து வந்து லாயத்தின் நாணல் கூரையில் உட்கார்ந்தது. நான் அதைப் பறவைகள் உட்காருவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குதிரைங்கள அவுருங்க! குதிரைங்கள அவுருங்க!"

ஆம்ப்ரோஸ்தான் முதலில் உள்ளே ஓடினார். ஈரச் சாக்கைக் குதிரையின் தலைமேல் போட்டு இழுத்து வந்தார். அது வாசல்வரை வந்தது. வாசலில் நின்றது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தது. பின்னாலிருந்து இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஒரு டன் எடை கால் ஊன்றிக்கொண்டால் இரண்டு ஆள் என்ன செய்ய முடியும்? அதன் பின்னால் மற்றவை முட்டி மோதின. மேலே கூரை படபடவென்றது. குதிரை அலறி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அது கனைப்பு இல்லை. மனிதக் குரலுக்குப் பக்கத்தில் வருகிற ஒன்று.

அப்பா முற்றத்தின் நடுவில் நின்றார். கையில் பேனாக்கத்தி. வாயில் மென்றதை இன்னும் விழுங்கவில்லை. லயனல் ஓடி வந்து அவருடைய கோட்டின் மார்பைப் பிடித்து உலுக்கினார்.

"கூப்பிடு ஜேபெஸ்! நீ கூப்பிட்டா வரும்!"

"வராதுங்க."

"ஏன் வராது? ஏன்யா வராது?"

அப்பா பதில் சொல்லவில்லை. நகரவும் இல்லை.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பயமில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். இப்போது பால் என்று வாயைத் திறந்தால், நிறுத்தியது யார், எதனால் நின்றது, எதனால் போகும் என்று முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். இருபது வருடமாக அவரை ஜேபெஸ் தர்லோவாக வைத்திருந்தது அது ஒன்றுதான். உள்ளே எட்டு உயிர். அதில் ஒன்று டெப்பர், அவர் கையால் பிறக்க வைத்த குட்டி. தெரிந்தும் நின்றார். அப்பா அப்படி நிற்பார் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அவர்கள் முகத்தில் அறைந்திருப்பேன்.

பன்றிகளுக்காக ஒரு வாளி ஆடையெடுத்த பால் வைத்திருந்தேன். அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். அப்பாவைக் கடந்தபோது அவர் என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

இடது நிலைக்காலில் ஊற்றி இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து அழுத்தித் தேய்த்தேன். பிறகு வலது. பிறகு நிலைப்படி. தலைக்கு மேலிருந்து சூடு இறங்கியது.

"ஏ பொண்ணு, பைத்தியமா உனக்கு? பாலை ஊத்தியா தீய அணைப்பாங்க? தள்ளு!" என்று ஆம்ப்ரோஸ் உள்ளேயிருந்து கத்தினார்.

பாலில் நனைந்த துணியால் முதல் குதிரையின் மூக்கைத் துடைத்தேன். அது மூச்சை உள்ளே இழுத்தது. தலையைத் தாழ்த்தியது. காலைத் தூக்கிப் படிக்கு இந்தப் பக்கம் வைத்தது.

ஆம்ப்ரோஸ் என் கையிலிருந்த துணியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், முற்றத்தின் நடுவில் நின்ற அப்பாவைப் பார்த்தார். "அடப்பாவி," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

எட்டும் வந்தன. நான் எண்ணினேன். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒன்றாகவும் இரண்டாகவும் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ என் முதுகில் தட்டினார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

டெப்பரின் கயிறு எஞ்சின்காரர் கையில் இருந்தது. அவருக்குக் குதிரை தெரியாது. நாய்க்குட்டியைப் பிடிப்பது போல லேசாகப் பிடித்திருந்தார். மிரண்ட குதிரைக்குத் தெரிந்த பத்திரமான இடம் உலகத்தில் ஒன்றுதான், அதன் சொந்தத் தீவனத் தொட்டி. டெப்பர் திரும்பியது. ஒரே உதறல். கயிறு அவர் கையை அறுத்துக்கொண்டு போனது. எரிகிற வாசலுக்குள் அது நேராக ஓடியது. காலையில் அந்த வாசலில் அதை நிறுத்தியது எதுவோ அது இப்போது அங்கே இல்லை. அதைத் துடைத்தவள் நான்.

இணை போனதைப் பார்த்த பிராக்கும் கிளம்பியது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்த ஆம்ப்ரோஸ் முழங்காலில் இழுபட்டுக்கொண்டே போனார். விடவில்லை. மற்ற ஆறும் திமிறின. அப்போதுதான் அப்பா ஓடினார்.

கோட்டின் உள்பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். வாசலில் நாணல் நெருப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் நின்று, டப்பாவில் இருந்த முழுவதையும் இரண்டு உள்ளங்கையிலும் வழித்து, இந்த நிலைக்காலில் ஒரு கை, அந்த நிலைக்காலில் ஒரு கை என்று மேலிருந்து கீழே இழுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரம் புகைந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

பிராக் வாசலுக்கு நான்கு கஜம் முன்னால் நின்றது. சுவரில் மோதியது போல நின்றது. மூக்கை உயர்த்திவிட்டுப் பின்வாங்கியது. அதன் பின்னால் மற்றவையும் நின்றன.

உள்ளே டெப்பர் பலகையை உதைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. அப்புறம் வேகமாக நிறைய. கூரை உள்ளே விழுந்தது. அதற்குப் பிறகு தீயின் சத்தம் மட்டும்தான்.

லயனலின் தொப்பி எங்கேயோ போயிருந்தது. புருவம் கருகியிருந்தது. சின்னப் பையன் போல இருந்தார்.

"அது என்ன? கையில என்ன அது?"

தரையில் உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸ், கால்சட்டை கிழிந்து முழங்காலில் ரத்தம் வடிய, "காயத்துக்குப் போடற களிம்புங்க ஐயா. குதிரைக்குப் போடறது," என்றார்.

"விடு ஆம்ப்ரோஸ்," என்றார் அப்பா. "மருந்துங்க. நேத்து சாயங்காலம் நான்தான் பூசினேன். குதிரை வெளிய வரக்கூடாதுன்னு."

"எதுக்கு?"

"நான் முன்னாடி போகணும்னு."

லயனல் அவரையே பார்த்தார். "முன்னாடி போகணும்னு," என்று திருப்பிச் சொன்னார். தெரியாத மொழியில் கேட்ட ஒன்றைச் சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. "அதுக்காகவா?"

"ஆமாங்க. அதுக்காகத்தான்."

லயனல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். தலையைத் தூக்காமலே, "மாசக் கடைசிக்குள்ள பண்ணை குடுத்த வீட்டைக் காலி பண்ணிடு ஜேபெஸ்," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டில் அம்மா ஆளிவிதை எண்ணெயில் துணியை நனைத்து அப்பாவின் இரண்டு கைகளையும் சுற்றினாள். "குதிரை என்ன நினைக்கும்னு அவ்ளோ தெரியுமே உனக்கு," என்றாள். பொழுது சாய்கிற நேரத்தில் ஆம்ப்ரோஸ் நொண்டிக்கொண்டே வந்து கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"பிராக் தொட்டியில வாயே வெக்க மாட்டேங்குது, ஜேபெஸ். என்ன குடுக்கட்டும்?"

"ஒண்ணும் குடுக்காத. பக்கத்துல நில்லு போதும்."

ஆம்ப்ரோஸ் தலையை ஆட்டினார். போகாமல் நின்றார். "ஈரல் விஷயம் எங்க மூணு பேருக்கும் எப்பவோ தெரியும்யா. பால்தான் தெரியாது. தெரிஞ்சிருந்தா..." என்று சொல்லிவிட்டு, முடிக்காமல் போய்விட்டார்.

நான் ரொட்டியைத் தேநீரில் நனைத்து அப்பாவுக்கு ஊட்டினேன். அவர் குழந்தை போல வாயைத் திறந்தார். இரண்டு வாய்க்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கெசி. நான் எவ்ளோ நேரம் நின்னேன்?"

அம்மா கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"வர்ற வழியில ஆம்ப்ரோஸக் கேட்டேன். கண்ண மூடித் தெறக்கற நேரம்தாங்கறான். அவன் உள்ள இருந்தான், அவனுக்கு எப்பிடித் தெரியும்? நீதான் எதிர்ல இருந்த. சொல்லு."

எனக்குக் குரல் வரவில்லை. பள்ளியில் நிற்பது போலவே நின்றேன்.

அவர் காத்திருந்தார். பிறகு வேறு மாதிரி கேட்டார். "வாளியில பால் எவ்ளோ இருந்துச்சு?"

"நெறைய இருந்துச்சுப்பா."

"தளும்பத் தளும்பவா?"

"ம்."

"வழியில சிந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். பாதி கொட்டிவிட்டது, ஓடித்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

"இல்லப்பா. ஒரு சொட்டுகூடச் சிந்தல. பாத்துப் பாத்துத்தான் நடந்தேன்."

தளும்பும் வாளியோடு ஒருத்தி அந்த முற்றத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணி சுற்றிய கைகளை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, அவற்றைப் பார்த்தார்.

வீட்டுக்குள் இருட்டிவிட்டது. அம்மா எழுந்து விளக்கின் கண்ணாடியைக் கழற்றித் தீக்குச்சியை எடுத்தாள்.

"ஏத்தாத," என்றார் அப்பா.